சபையில் பஸ்கா விருந்து: நாங்கள் விசாரித்ததும் முடிவெடுத்ததும்

பெரிய வியாழன் நெருங்கும்போது இப்போதெல்லாம் பல சபைக் கமிட்டிகளில் இந்த யோசனை வருகிறது: “வழக்கமான இராப்போஜன ஆராதனையை விட்டுவிட்டு இந்த வருஷம் ஒரு பஸ்கா விருந்து நடத்தினால் என்ன? இயேசு சீஷர்களோடு எப்படிச் சாப்பிட்டாரோ அதே மாதிரி.” எங்கள் சபையிலும் வந்தது. பரிசுத்த வார ஆராதனைகளுக்கு ஒழுங்கு எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் இருப்பதால், விசாரித்துச் சொல்லும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்தது. விசாரித்ததில் என்ன தெரிந்தது, கடைசியில் என்ன செய்தோம் என்பதை இதே கேள்வியோடு இருக்கும் மற்ற சபைக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

யோசனை சொன்னவர்கள் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. யூதர்களை இயேசுவைக் கொன்றவர்கள் என்றே சொன்ன பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்களில் உண்டு. இயேசு யூதராகப் பிறந்து, யூதராக ஜெபித்து, யூதராகவே மரித்தார் என்பது அவர்களுக்கு வயதான பிறகு கிடைத்த வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவருடைய மேசையில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசைதான்.

எனக்கு நெருடலாக இருந்தது கமிட்டியில் மாதிரிக்காகப் போட்டுக் காட்டிய வீடியோ. வேறொரு சபையில் நடந்த விருந்து அது. பேச்சாளர் ஒரு மட்சாவை, அதாவது புளிப்பில்லாத அப்பத்தை, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். “கோடு கோடாக இருக்கிறதா? அவருடைய தழும்புகள். துளை துளையாக இருக்கிறதா? அவர் குத்தப்பட்டார்.” பிறகு தட்டில் இருக்கும் மூன்று மட்சாக்களில் நடுவில் உள்ளதை எடுத்து உடைத்து, துணியில் சுற்றி ஒளித்துவைத்து, சாப்பாட்டுக்குப் பின் கண்டெடுக்கிறார்கள். திரித்துவம், அடக்கம், உயிர்த்தெழுதல் எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன. கூட்டத்துக்கு மெய்சிலிர்க்கிறது. அப்போது பேச்சாளர் சொல்கிறார்: “யூதர்கள் வருஷா வருஷம் இதைச் செய்கிறார்கள். என்ன செய்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.”

அந்த ஒரு வாக்கியத்தை ஒரு யூதர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் எப்படி இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. தன் தாத்தா பாட்டி காலத்திலிருந்து வீட்டில் செய்துவரும் காரியத்தின் அர்த்தம் தனக்குத் தெரியாது, மேடையில் இருப்பவருக்குத்தான் தெரியும் என்று ஒருவர் சொல்கிறார். அதற்குச் சுற்றிலும் ஆமென்.

சரி, அந்தத் துளைகள் எதற்கு? மாவு உப்பிவிடாமல் இருக்க. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிஷத்துக்குள் வெந்து வெளியே வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதற்கு மேல் போனால் புளிப்பேறியதாக வைத்துக்கொள்வார்கள். வரிசை பிசகாத துளைகளும் நேர்க்கோடுகளும் மெஷின் கொடுத்தவை. மட்சா போடும் மெஷினை 1838இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஐசக் சிங்கர் என்பவர் செய்தார் (தையல் மெஷின் சிங்கர் வேறு ஆள்). கையால் தட்டிச் சுடும் மட்சா வட்டமாக, மேடு பள்ளமாக, அங்கங்கே கருகித்தான் இருக்கும். வீடியோவில் தூக்கிக் காட்டிய தழும்புகள் ஒரு தொழிற்சாலையின் கைவண்ணம்.

இதைவிடப் பெரிய விஷயம் காலக்கணக்கு. இயேசுவின் நாட்களில் பஸ்கா என்றால் எருசலேமுக்குப் போவது, ஆலயத்தில் ஆட்டுக்குட்டியை அடித்து இரத்தத்தைப் பலிபீடத்தில் சேர்ப்பது, அன்று இரவே நகரத்துக்குள் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்து அந்த இறைச்சியைச் சாப்பிடுவது. கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தார்கள். பலிபீடம் இல்லை என்றால் பஸ்கா ஆடும் இல்லை. பண்டிகையே அதோடு முடிந்திருக்க வேண்டியது. யூத வேத ஆசிரியர்களான ரபீக்கள் முடிய விடவில்லை. ஆட்டை மையமாகக் கொண்டிருந்த இரவை, கதை சொல்வதையும் கேள்வி கேட்பதையும் மையமாகக் கொண்ட இரவாக மாற்றிக் கட்டினார்கள். ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட, ரபீக்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், பஸ்காவைப் பற்றிய பெசாகீம் பகுதியின் பத்தாம் அதிகாரத்தில்தான் நான்கு கிண்ணம், பிள்ளையின் கேள்விகள், பதில் சொல்லும் முறை எல்லாம் ஒழுங்காக எழுத்தில் கிடைக்கின்றன. செடர் என்று இன்று சொல்லும் பஸ்கா இரவு விருந்து அதிலிருந்து வளர்ந்தது. நடு மட்சாவை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுவது, எலியாவுக்கு ஒரு கிண்ணம் ஊற்றி வைப்பது எல்லாம் அதற்கும் பல நூற்றாண்டுகள் பிந்தியவை.

அதாவது நாம் “இயேசுவின் மேசை” என்று எடுத்து நடத்தப் பார்ப்பது, இயேசுவுக்குப் பிறகு, ஆலயத்தை இழந்த ஒரு ஜனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டிய மேசை. பழைய வீடு இடிந்தபின் இரண்டு பிள்ளைகள் தனித்தனியே வீடு கட்டிக்கொண்ட மாதிரி, அவர்களுக்குச் செடர், நமக்குத் திருவிருந்து. அந்த இராத்திரி சாப்பாடு பஸ்கா விருந்துதானா என்பதிலேயே சுவிசேஷங்கள் ஒன்றுபோலப் பேசவில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆம் என்கிறார்கள். யோவானோ, இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுபோன காலையில் யூதர்கள் இன்னும் பஸ்காவைப் புசிக்கவில்லை என்கிறார்.

இதையெல்லாம் புத்தகங்களில் படித்துக்கொண்டிருந்த சமயத்தில், என்னோடு வேலை பார்க்கும் ஒரு யூதப் பெண்மணியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், சபையில் செடர் நடத்துவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், என் அப்பா நடத்துவார். உங்கள் சபையில் நடத்துவதற்கு மட்டும் என்னிடம் உதவி கேட்காதீர்கள்” என்றார்.

போனேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் எதிர்பார்த்தது ஒரு பக்தியான அமைதி. இருந்தது சத்தம். பிள்ளைகள் மேசைக்கு அடியில் ஓடினார்கள். பெரியவர்கள் ஒரு வரியின் அர்த்தத்தைப் பற்றிக் கத்திச் சண்டை போட்டுச் சிரித்தார்கள். கடைக்குட்டிப் பெண் எழுந்து நின்று, “இந்த இரவு மற்ற இரவுகளைவிட ஏன் வேறாக இருக்கிறது?” என்று எபிரேயத்தில் பாடினாள். பாதியில் மறந்துபோய்ப் பாட்டியைப் பார்த்தாள். ஆளுக்கொரு ஹகாடா, அதாவது அந்த இரவில் வாசிக்கும் புத்தகம், கொடுத்திருந்தார்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு பதிப்பு. எனக்குக் கிடைத்ததில் பத்து வாதைகள் வரும் பக்கம் முழுக்கத் திராட்சரசக் கறை. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது. ஒவ்வொரு வாதையின் பெயரையும் சொல்லும்போது கிண்ணத்தில் விரலைத் தொட்டு ஒரு சொட்டுத் தட்டில் வைக்கிறார்கள். எகிப்தியர்கள் பட்ட பாட்டை நினைத்துத் தங்கள் சந்தோஷத்தின் கிண்ணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார்களாம். எதிரி செத்ததற்காகக் கிண்ணம் நிரம்பி வழியக்கூடாது என்று அந்தப் பெண்மணியின் அப்பாவான பெரியவர் விளக்கினார்.

மேசையில் ஆட்டிறைச்சி கிடையாது. வறுத்த எலும்பு ஒன்று தட்டில் இருந்தது, அதை யாரும் தொடவில்லை. ஆலயம் இல்லாததால் பஸ்கா ஆடு இல்லை, இருப்பதுபோல் நடிக்கவும் கூடாது என்று வறுத்த இறைச்சியையே அந்த இரவில் தவிர்க்கும் வழக்கம் அவர்கள் பலரிடம் உண்டு. எங்களுக்குக் காட்டிய வீடியோவில் விருந்தின் உச்சமே வறுத்த ஆடுதான்! அந்த வீட்டில் ஆடு இல்லாததுதான் விஷயமே.

சாப்பாட்டுக்குப் பிறகு எலியாவுக்காக வாசல்கதவைத் திறக்கும் கட்டம் வந்தது. ஒரு பையன் ஓடிப்போய்த் திறந்தான். பெரியவர் என் பக்கம் திரும்பிச் சாதாரணமாகச் சொன்னார்: “என் தாத்தா ஊரில் இந்தக் கதவைத் திறக்கப் பயப்படுவார்களாம். ஈஸ்டர் வாரம் பாருங்கள்.” அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அவர் விட்ட இடத்தைச் சரித்திரத்தில் தேடிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. 1144இல் இங்கிலாந்தின் நார்விச்சில் ஒரு சிறுவன் இறந்ததற்கு யூதர்கள் மேல் பழி விழுந்தது. அந்தப் பழி ஊர் ஊராகப் பரவி, கிறிஸ்தவக் குழந்தையின் இரத்தத்தை மட்சா மாவில் கலக்கிறார்கள் என்ற கதையாக வளர்ந்தது. 1475இல் இத்தாலியின் திரெந்து நகரில் சீமோன் என்ற குழந்தை இறந்தபோது யூதர்களைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அந்தக் குழந்தைக்கு வழிபாடு நடந்தது, 1965இல்தான் கத்தோலிக்கத் திருச்சபை அதை நிறுத்தியது. 1903இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கிய கலவரத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அங்கேயும் முன்னதாக அதே இரத்தக் கதையைத்தான் பத்திரிகையில் கிளப்பியிருந்தார்கள். இவ்வளவுக்கும் காரணமாகச் சொல்லப்பட்ட அதே அப்பத்தைத்தான் நாம் விளக்கில் தூக்கிப் பிடித்து, இது எங்களுடையது என்கிறோம். வீடியோப் பேச்சாளருக்கு இது தெரிந்திருக்காது. நம்மில் பலருக்கும் தெரியாது. யூத வீடுகளில் தெரியும்.

கமிட்டியில் இதைச் சொன்னபோது வந்த கேள்விகள் நல்ல கேள்விகள். “பழைய ஏற்பாடு நமக்கும் வேதம்தானே?” ஆம். யாத்திராகமம் 12ஐ வாசிக்க நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் ஹகாடா பழைய ஏற்பாடு அல்ல, ரபீக்களின் புத்தகம். யாத்திராகமம் 12ஐ எழுத்தின்படியே எடுத்தால், விருத்தசேதனம் இல்லாதவன் அதில் புசிக்கக் கூடாது என்று 48ஆம் வசனமே சொல்கிறது.

“இயேசுவை ஏற்றுக்கொண்ட யூதர்கள் செய்கிறார்களே?” யூதக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் தன் வீட்டுப் பண்டிகையைத் தொடர்ந்து கொண்டாடுவது வேறு, நாம் நடத்துவது வேறு. அவர்களுக்கும் மற்ற யூதர்களுக்கும் நடுவே உள்ள வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டு மற்ற யூதர்களின் வாயை அடைப்பது சரியில்லை.

“சில ரபீக்களே சபைக்கு வந்து செடர் நடத்திக் காட்டுகிறார்களே?” உண்மைதான். அப்படி ஒருவர் மனமுவந்து வந்து, தங்கள் பண்டிகையைத் தங்கள் வாயால் விளக்கினால் தாராளமாக உட்கார்ந்து கேட்கலாம். யார் கையில் அந்த மேசை இருக்கிறது என்பதுதான் எனக்குக் கணக்கு. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் வழிபாட்டுக் குழு 1988இல் கொடுத்த வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. செடரை அதன் முழுமையோடு மதித்து நடத்துவதை அது தடுக்கவில்லை. கடைசியில் புதிய ஏற்பாட்டு வாசகத்தைச் சேர்த்து அதற்கு “ஞானஸ்நானம்” கொடுப்பதும், திருவிருந்துக்கு முன்னுரையாக மாற்றுவதும் தவறு என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

இந்த இடத்தில் எனக்கே ஒரு சங்கடம் இருந்தது. “யூத முறைகள் வேண்டாம்” என்று சபையில் சொன்ன முதல் ஆள் நான் இல்லை. 4ஆம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் கிறிஸ்தவர்கள் பண்டிகைக்கு ஜெப ஆலயத்துக்குப் போனார்கள், எக்காளம் கேட்கப் போனார்கள், அவர்களோடு உபவாசம் இருந்தார்கள். அதைத் தடுக்க அங்கே குருவாக இருந்த யோவான் கிறிசோஸ்தோம் 386–387இல் செய்த பிரசங்கங்கள் யூதர்கள் மேல் கொட்டிய விஷம். பின்னால் வந்தவர்கள் அதை எடுத்து எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதே நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம், யூதர்களிடமிருந்து புளிப்பில்லாத அப்பத்தை வாங்கக் கூடாது என்றே விதி போட்டது. என் “வேண்டாம்” அந்த வரிசையில் போய் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். அவர்கள் தடுத்தது, யூதர் வீட்டு வாசலை மிதிப்பதையும் அவர்கள் நீட்டும் அப்பத்தை வாங்குவதையும். நான் போகச் சொல்கிறேன், வாங்கிச் சாப்பிடச் சொல்கிறேன். கூப்பிட்டால் போங்கள். அவர்கள் இல்லாத இடத்தில் அவர்கள் மேசையை விரிக்காதீர்கள் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

அப்படியானால் பெரிய வியாழன் அன்று என்ன செய்வது? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மத்தேயு 26:30இல், அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு ஒலிவமலைக்குப் புறப்பட்டுப் போனார்கள் என்று இருக்கிறது. அந்தச் சாப்பாட்டைப் பஸ்கா விருந்தாக எடுத்துக்கொண்டால், அந்தப் பாட்டு ஹல்லேல் என்று யூதர்கள் சொல்லும் 113 முதல் 118 வரையிலான சங்கீதங்களாகத்தான் இருக்கும் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அதில் எதுவரை சாப்பாட்டுக்கு முன் பாடுவது என்று இயேசு காலத்தை ஒட்டி வாழ்ந்த ஷம்மாய், ஹில்லேல் என்ற ஆசிரியர்களின் குழுவினர் வாதாடியதை மிஷ்னாவே குறித்து வைத்திருக்கிறது. அந்த வாதமே அதன் பழமைக்குச் சாட்சி. அவர் வாயிலிருந்து வந்த பாட்டு வேண்டும் என்றால், அது நம் வேதாகமத்திலேயே, யாரிடமும் கடன் வாங்காமல் இருக்கிறது. முழு ஹல்லேலையும் அன்று பாடவும் வாசிக்கவும் செய்தோம். “வீடு கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்” என்ற வரியை, சிலுவைக்கு முந்தின இரவில் அவர் தாமே பாடியிருப்பார் என்ற நினைப்போடு கேட்டபோது, எந்தத் தட்டும் கிண்ணமும் செய்யாத வேலையை அது செய்தது. யாத்திராகமம் 12ஐ வாசித்தோம். யோவான் 13இன்படி பாதங்களைக் கழுவினோம். பிறகு எப்போதும்போல இராப்போஜனம்.

பண்டிகை முடிந்த பிறகு ஒரு மாலையில் அந்தப் பெரியவரைச் சபைக்கு அழைத்தோம். பெசாக், அதாவது பஸ்கா, பற்றிப் பேசினார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார். வருவதற்கு முன் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: தான் பேசிய பிறகு யாரும் எழுந்து அதைக் கிறிஸ்தவ முறையில் விளக்கி முடிக்கக் கூடாது. பாஸ்டருக்குக் கை துறுதுறுத்தது எனக்குத் தெரியும். ஆனால் எழுந்து நன்றி மட்டும் சொல்லி உட்கார்ந்தார். அந்த வருஷத்தில் அவர் செய்த சிறந்த பிரசங்கம் என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

இயேசுவின் யூதத்தன்மையை மதிக்க வேண்டும் என்றால் அதற்கான வேலை பெரிய வெள்ளியில்தான் அதிகம். யோவானின் பாடுகளை வாசிக்கும்போது “யூதர்கள், யூதர்கள்” என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அதற்கு முன் இரண்டு வரி விளக்கம் சொல்லிவிடுங்கள்: அங்கே பேசப்படுவது அன்றைய தலைவர்கள் சிலர், பேசியவரும் எழுதியவரும் அழுதவர்களும் யூதர்களே. கத்தோலிக்கர்கள் பெரிய வெள்ளி ஜெபத்தில் இருந்த யூதர்களைப் பழிக்கும் சொல்லை 1959இல் எடுத்தார்கள். எல்லா யூதர் மேலும் அந்த மரணப் பழியைச் சுமத்தக் கூடாது என்று 1965இல் வத்திக்கான் சங்கம் அறிக்கையே வெளியிட்டது. நம் பிரசங்கங்களில் பரிசேயர் இன்னும் வில்லன் வேஷத்திலேயே இருக்கிறார். அதைச் சரிசெய்யாமல் மட்சா சாப்பிடுவதில் என்ன பயன்?

யூதர்களின் ஷோஃபார் எக்காளம், தாலித் சால்வை பற்றியும் கேட்கிறார்கள். சுற்றுலா போய்வந்த யாரோ ஒருவர் ஆட்டுக்கொம்பு எக்காளம் ஒன்றைச் சபைக்குக் கொடுத்துவிடுகிறார், ஆராதனை தொடக்கத்தில் ஊதலாமா? ஊதுவதில் நான் அவ்வளவு கண்டிப்பு காட்டமாட்டேன். வேதத்தில் எக்காளத்துக்கு ஆயிரம் உபயோகம் உண்டு. ஆனால் அவர்களுடைய வருஷப் பிறப்பு ஆராதனையில் மனந்திரும்புதலுக்காக வழக்கமாக 100 முறை ஊதப்படும் கருவி அது, கைத்தட்டல் வாங்குவதற்கானது அல்ல என்பது ஊதுகிறவருக்குத் தெரிந்திருக்கட்டும். தாலித் வேண்டாம். நான்கு மூலையிலும் தொங்கல் கட்டிய அந்தச் சால்வை, எண்ணாகமம் 15இன் கட்டளையை யூதர்கள் தங்கள் மேல் ஏற்றுக்கொண்டதன் அடையாளம். பல ஆண்களை அதைப் போர்த்தித்தான் அடக்கம் செய்கிறார்கள். மேடை உடுப்பாக அதைத் தோளில் போடுவதைப் பார்க்க அவர்களுக்கு எப்படி மனசு வரும்? தோரா சுருளை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்கள் எழுதிய சுருளை, விளையாட்டுக்குக்கூடத் தொடாதீர்கள். 304,805 எழுத்துகள், ஒவ்வொன்றும் கையால் எழுதியது. வாசிக்கிறவர்களே விரலால் தொடாமல் ஒரு குச்சியால் சுட்டி வாசிக்கிறார்கள். 2012இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெரிய சபையில், போதகரைத் தோரா சுருளால் சுற்றி ராஜாவாக உயர்த்தும் சடங்கு நடத்தினார்கள். கண்டனம் வந்தபின் அந்தப் போதகர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

யூதர் வீட்டுச் செடருக்கு அழைப்பு வந்தால் சில நடைமுறைக் குறிப்புகள். நாளைச் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஈஸ்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2024இல் பெரிய வியாழன் மார்ச் 28, பெசாக் தொடங்கியதோ ஏப்ரல் 22 மாலை. சாப்பாட்டுச் சாமான் எதுவும் கொண்டுபோக வேண்டாம். கேக், பிஸ்கட் போன்றவை அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. திராட்சரசம் கொடுக்க ஆசை என்றால் எது செல்லும் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆண்களுக்குத் தொப்பி கொடுத்தால் தலையில் வையுங்கள், அது மரியாதை. போனை எடுக்கும் முன் கேளுங்கள், கட்டுப்பாடாக இருக்கும் வீடுகளில் பண்டிகை இரவில் போட்டோ எடுப்பது பெரிய சங்கடம். கேள்வி கேட்கத் தயங்காதீர்கள், கேள்விகளுக்காகவே உள்ள இரவு அது. இதற்கு நம் வேதத்தில் இருக்கும் விளக்கத்தை மட்டும் அங்கே சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள். அப்புறம், போவதற்கு முன் வீட்டில் லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கதை முடிந்து சோற்றுக்கு வர மணி பத்தாகிவிடும், நடுவில் கிடைப்பது கொஞ்சம் மட்சாவும் கண்ணில் தண்ணீர் வரவைக்கும் முள்ளங்கி வகைக் கிழங்கும்தான்.